பூனை திடீரென்று சாப்பிடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பதினெட்டு வருஷமாகப் பூனைகளோடு குடித்தனம் நடத்துகிறவள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்திலும் தெரிந்தவர்கள் மூலமாகவும் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயம்: நேற்று வரை காலைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்த பூனை இன்று கிண்ணத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நேத்து ராத்திரியிலேருந்து சாப்பிடலை. எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

நாள் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு வையுங்கள். வளர்ந்த பூனை, நடமாட்டம் சரியாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, வாந்தி பேதி இல்லை என்றால் 24 மணி நேரம் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். அதைத் தாண்டினால் டாக்டருக்குப் போன் போட்டுவிட வேண்டும். நாலைந்து மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அரை நாள்தான் கெடு. தாய்ப்பால் குடிக்கிற குட்டி இரண்டு வேளை பாலை விட்டாலே உடம்பு சில்லிட்டுப் போகும், அதற்குக் காத்திருப்பதே கிடையாது.

அறவே நிறுத்தாமல், வழக்கத்தில் பாதிகூட இல்லாமல் கொறிக்கிற பூனைகளும் உண்டு. மூன்று நாள் அப்படி ஓடினால் அதுவும் சாப்பிடாத கணக்குதான். "கொஞ்சம் நக்கிச்சு" என்று மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, சிறுநீருக்கு முக்குவது, ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ தெரிவது, கட்டிலுக்கடியில் கிடந்துகொண்டு கூப்பிட்டாலும் தலை தூக்காதது. இதில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன கெடுவெல்லாம் செல்லாது. உடனே கிளம்புங்கள்.

எங்க நாய் ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கிடந்துட்டு தானா எழுந்துடுமே. பூனைக்கு மட்டும் என்ன அவசரம்?

அவசரம் கல்லீரலால் வருகிறது. பூனை கறி தின்று வாழவே பிறந்த உடம்பு. உணவு வராத நாளிலும் அதன் கல்லீரல் புரதத்தைச் செலவழிப்பதைச் சுருக்கிக்கொள்ளாது. வரவு நின்றதும் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவையும் கையாள அந்தக் கல்லீரலால் முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கித் தேங்கி, கல்லீரல் தன் வேலையை நிறுத்திவிடும். மருத்துவர்கள் ஹெப்பாடிக் லிப்பிடோசிஸ் என்பது இதைத்தான். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கிவிடக்கூடும்.

கொழுகொழு பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். "நல்லா கொழுத்த உடம்பு, நாலு நாள் தாங்கும்" என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள், சங்கதி நேர்மாறானது. கல்லீரல் கெட்டால் குமட்டல், குமட்டினால் பசி இல்லை, பசி இல்லாததால் இன்னும் கொழுப்பு கரைகிறது. ஒரு சாதாரணப் பல்வலியில் ஆரம்பித்த பட்டினி இப்படி உயிர் பறிக்கிற நோயாக மாறும். காது மடலின் உள்பக்கம், ஈறு, கண்ணின் வெள்ளை மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் ஏற்கெனவே தாமதம் என்று அர்த்தம். அப்போதும் குழாய் வழியாகச் சில வாரங்கள் உணவு செலுத்திக் காப்பாற்றிய பூனைகள் நிறைய உண்டு.

ஊருக்குப் போயிட்டு வந்தோம், அதிலேருந்து கோபமா இருக்கு. ரோஷத்துல சாப்பிடாம இருக்குமா?

ரோஷத்துக்கு உண்ணாவிரதம் இருப்பது மனிதர்கள்தான். பூனைக்கு வருவது பயம். வீடு மாறியது, வெள்ளையடிக்கிற வாசனை, கல்யாணத்துக்கு வந்து தங்கிய இருபது பேர், புதிதாக வந்த இன்னொரு பூனை, எல்லாவற்றுக்கும் மேல் தீபாவளி வெடி. இவற்றில் எதுவும் ஒருநாள் பசியைக் கெடுக்கும். ஆள் போகாத ஒரு அறை, ஒண்டிக்கொள்ள ஒரு அட்டைப்பெட்டி, பக்கத்திலேயே தண்ணீரும் உணவும், சற்றுத் தள்ளி மணல் தட்டு. இது போதும், தேடிப்போய்த் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். ராத்திரி வீடு அடங்கியதும் கிண்ணம் காலியாகியிருக்கும்.

ஆகவில்லையா? 24 மணி நேரக் கெடு இதற்கும் பொருந்தும். காரணம் பயம்தான் என்று நமக்குத் தெரிவதால் கல்லீரல் நமக்குச் சலுகை காட்டாது.

வெளியே சுத்துற பூனை. வேற எங்கேயாவது சாப்பிட்டுட்டு வருதோ என்னவோ?

இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு கடுவன் உண்டு. எங்கள் வீட்டில் அவன் சொக்கன், எதிர்வீட்டில் டைகர், முனை மளிகைக்கடையில் ராஜா. மூன்று இடத்திலும் "பாவம், பட்டினியா கிடக்கு" என்று மத்தி விழும். இப்படிப்பட்டவன் நம் வீட்டுக் கிண்ணத்தை மதிக்காததில் அதிசயம் இல்லை.

ஊகிப்பதைவிட எடை பார்ப்பது சுலபம். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ பூனைக்கு 400 கிராம் குறைந்திருந்தால், 60 கிலோ ஆள் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். சந்தேகம் என்றால் ஒரு நாள் கதவைச் சாத்தி உள்ளேயே வையுங்கள். உண்பது, கழிப்பது இரண்டுமே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பசி இருக்கிற மாதிரிதான் ஓடி வருது. முகர்ந்து பார்த்துட்டுப் பின்வாங்குது. ஏன்?

இதை உற்றுக் கவனித்துச் சொல்கிறவர்களை டாக்டர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பாதி விடை இதிலேயே இருக்கிறது. கிண்ணத்துக்கு வந்து, ஒரு வாய் கவ்வி, சட்டென்று கீழே போட்டுவிட்டு ஓடினால் அல்லது உறுமினால் வாயில் வலி. ஈறு சிவந்து வீங்கியிருக்கும், எச்சில் ஒழுகும், நாறும், முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும். உலர் தீவனத்தைத் தொடாமல் குழம்பு மாதிரி இருப்பதை மட்டும் நக்கினாலும் பல், ஈறு பக்கம்தான் பார்க்க வேண்டும்.

முகர்ந்துவிட்டு உதட்டை உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கி, தலையைத் திருப்பினால் அது குமட்டல். சிறுநீரகம், கணையம், கல்லீரல், குடல் எதுவும் காரணமாகலாம். வீட்டில் கண்டுபிடிக்கிற காரியம் இல்லை.

மூக்கை வைத்தும் ஒன்றும் பிடிபடாததுபோல் நின்றால், தும்மலும் கண்ணில் பீளையும் இருந்தால், சளி. பூனை சாப்பிடுவதே மூக்கை நம்பித்தான். வாசனை வராவிட்டால் அதற்கு அது உணவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிடுங்கள். குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்த பிறகு பத்து நிமிஷம் பூனையோடு உட்காருங்கள். விக்ஸ், நீலகிரித் தைலம், கற்பூரம் எதுவும் பக்கத்தில்கூட வேண்டாம், பூனைக்கு அவை விஷம். கூடவே நாக்கில் புண் இருந்தால், பூனைச் சளிக்குக் காரணமான கிருமிகளில் ஒன்றான கலிசி வைரஸாக இருக்கலாம், டாக்டர் பார்த்தாக வேண்டும்.

பூ கட்டுற நூலை முழுங்கிட்டிருக்குமோ?

தமிழ் வீட்டில் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும். எங்கள் மீனா ஒரு சனிக்கிழமை காலை சாப்பாட்டை விட்டாள். மதியம் இரண்டு தடவை நுரையாக வாந்தி. முதலில் போன இடத்தில் அஜீரணம் என்று ஒரு சிரப் கொடுத்து அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறொரு டாக்டர் வாயைத் திறந்து, தாடைக்குக் கீழிருந்து கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினார். நாக்கு மேலே எழும்பியது. அடியில் வெள்ளையாக ஒரு கோடு. வெள்ளிக்கிழமை நான் கிள்ளிப் போட்ட மல்லிகைச் சரத்தின் நூல்! ஒரு முனை நாக்கின் வேரைச் சுற்றியிருந்தது, மறுமுனை குடலுக்குள் போயிருந்தது.

நூல் ஒரு முனையில் மாட்டிக்கொண்டால் குடல் அதைத் தள்ளித் தள்ளி, நாடா போட்ட பாவாடை இடுப்பு மாதிரி சுருங்கும். கடைசியில் நூல் குடலையே அறுக்கும். ஆகவே வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், அறுக்கவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். வாழைநார், மாஞ்சா, தையல் நூல் (ஊசியோடு போகிறதும் உண்டு), கறிக்கடைப் பொட்டலம் கட்டின சணல், எல்லாம் இதே கதைதான். மீனாவுக்கு அறுவைசிகிச்சை செய்து பிழைத்தாள். பூக்காரம்மா குரல் கேட்டால் இன்றைக்கும் வாசலுக்கு ஓடுகிறாள். நூல்தான் இப்போதெல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குப் போகிறது.

மூணு மாசக் குட்டி. வாந்தி எடுக்குது, தண்ணிக் கிண்ணத்துமேல தலையைத் தொங்கப்போட்டுட்டு உட்கார்ந்திருக்கு, ஆனா குடிக்கலை.

இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், கிளம்புங்கள். தடுப்பூசி போடாத குட்டி இப்படி உட்கார்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பான்லூக்கோபீனியா. நாய்க்கு வரும் பார்வோ வைரஸின் உறவுக்காரன். வெள்ளை அணுக்களை அழித்து, குடலைப் புண்ணாக்கி, இரண்டொரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். ட்ரிப்ஸ் ஏற்றி, வாந்தியை அடக்கி, மற்றக் கிருமிகள் தாக்காமல் காப்பதுதான் சிகிச்சை.

வீட்டில் இந்த வைரஸ் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு இருக்கும். பினாயிலால் இதை நம்பிக் கொல்ல முடியாது, பூனைக்குத்தான் அது கெடுதல். பிளீச்சிங் திரவத்தை ஒன்றுக்கு முப்பது பங்குக்குச் சற்று மேல் தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அடுத்த குட்டியைக் கொண்டுவருவதற்கு முன் தடுப்பூசி: ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை, பிறகு ஒரு வருஷம் கழித்து ஒன்று.

கடுவன் பூனை, மணல்ல போய்ப் போய் உட்கார்ந்து முக்குது. மலச்சிக்கலா? சாப்பாடும் இறங்கலை.

மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை அடைப்பு. மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா பாருங்கள். சொட்டு சொட்டாக வந்தாலோ வராவிட்டாலோ ஒரு ராத்திரிகூட வைத்திருக்கக் கூடாது. இரண்டு நாளுக்குள் உயிர் போகும்.

உடம்பு சுடுது. கால் மாத்திரை டோலோ கொடுக்கட்டுமா?

கூடாது. குரோசினும் கூடாது, குழந்தைக்கு வாங்கிய சிரப்பும் கூடாது. எல்லாம் பாராசிட்டமால். அதை உடைத்து வெளியேற்றுகிற வசதி பூனையின் கல்லீரலில் இல்லை. கால் மாத்திரையே நாலு கிலோ பூனைக்கு விஷ அளவு. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லுங்கள். முறிமருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம்.

சுடுகிறது என்பதையும் கையை நம்பிச் சொல்ல வேண்டாம். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்பதும் கதைதான்.

என்ன கொடுத்தா சாப்பிடும்? பால், தயிர்சாதம், கருவாடு எல்லாம் வெச்சுப் பார்த்துட்டேன்.

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, இருக்கிற சிக்கலோடு பேதியும் சேரும். சர்க்கரை போட்டாலும் பயன் இல்லை, பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. கோழியைத் தோல் நீக்கி, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து, வெந்த தண்ணீரிலேயே கொஞ்சம் விட்டுக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை, அதனால் குழம்புச் சாதமும் பிரியாணிக் கறியும் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஈர உணவுப் பவுச்சை அப்படியே பிழியாமல், சுடுதண்ணீரில் போட்டு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது பிடித்த எலியின் சூடு அது! நான் செய்கிற தந்திரங்களில் அதிகம் பலிப்பது இதுதான். கருவாட்டின் வாசனை இழுக்கும், ஆனால் உப்பு. வேண்டுமானால் நன்றாக அலசி வேகவைத்த தண்ணீரில் இரண்டு சொட்டு.

அரை மணி நேரத்தில் தொடாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ஆறு வகைக் கிண்ணத்தை வரிசையாக மூக்கு முன்னால் வைத்தால் குமட்டுகிற பூனைக்கு அந்த வாசனைகளின்மேல் நிரந்தர வெறுப்பு வந்துவிடும்.

பச்சை மத்தி மட்டும்தான் தினமும் கொடுப்போம். இப்ப அதையும் வேண்டாம்னு தள்ளுது.

சில பச்சை மீன்களில் தயமின் என்கிற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. பல வாரம் மீனே உணவு என்றால் முதலில் போவது பசி. பிறகு தலை முன்னால் தொங்கும், தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துப்போகும். மீனை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்து வேகவைத்துக் கொடுங்கள், முதலில் டாக்டரிடம் காட்டிய பிறகு.

பல்லியைத் தின்னுச்சு. அது விஷமாச்சே?

வீட்டுப் பல்லியில் விஷம் இல்லை. ஆனால் பல்லி தின்கிற பூனைகளுக்கு வெப்ப நாடுகளில் ஒருவகைத் தட்டைப்புழு வந்து பித்தநாளத்தில் குடியேறும். பசியின்மை, இளைப்பு, மஞ்சள் எல்லாம் வரலாம். வழக்கமான பூச்சி மருந்துக்கு இது மசியாது. ஆகவே பல்லி வேட்டைக்காரி என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அதே பிராண்ட், அதே சுவை. திடீர்னு பிடிக்கலைன்னா?

பையை மோந்து பாருங்கள். மழைக்காலத்தில், அதுவும் கடலோர ஊரில், பத்து கிலோ மூட்டையைத் திறந்து கிளிப் போட்டு வைத்தால் பதினைந்தே நாளில் நமுத்து, கொழுப்பு காறல் வாடை அடிக்கும். நமக்கு லேசாகத் தெரிகிற வாடை பூனைக்குப் பெரிது.

கத்திரி வெயில்ல குறையறது சகஜம்தானே?

கொஞ்சம் குறையும், விடியற்காலையிலும் ராத்திரியிலும் வைத்தால் ஈடுகட்டிவிடும். வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்தால் மட்டும் அது சகஜம் இல்லை, அவசரம்.

பன்னிரண்டு வயசு. வயசாயிடுச்சு, அதான் சாப்பாடு குறைஞ்சிடுச்சுன்னு விட்டுடலாமா?

வயசு ஒரு நோய் இல்லை. இந்த வயதில் தண்ணீர் அதிகம் குடித்து, மணலில் பெரிய பெரிய கட்டிகளாகப் போய், இளைத்து, வாய் நாறினால் சிறுநீரகம் தேய்ந்திருக்கலாம். ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரின் அடர்த்தியும் பார்த்தால் தெரிந்துவிடும். குணமாகாது, ஆனால் உணவு மாற்றி, குமட்டலுக்கு மருந்து கொடுத்து வருஷக்கணக்கில் நன்றாக வைத்திருக்கலாம்.

சிரிஞ்சில ஊட்டலாமா? பசி எடுக்க மாத்திரை இருக்காமே?

டாக்டர் சொன்னால் ஊட்டலாம். உட்காரவைத்து, கன்னத்தின் ஓரமாக, அரை அரை மில்லியாக, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். போராடுகிற பூனையை வற்புறுத்துவதைவிட மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் வைப்பது அதற்கும் நல்லது, உங்கள் கைக்கும் நல்லது. குழாய் என்றதும் "அவ்வளவு முடியலையா" என்று அழாதீர்கள். கழுத்தில் குழாயோடு ஜன்னலில் உட்கார்ந்து காக்கா பார்க்கிற பூனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையும் உண்டு, மிர்டாசபின். மனிதர்களுக்கு விற்கும் 7.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்குதான் ஒரு பூனைக்கு, அதையும் தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குடலில் நூல் மாட்டிய பூனைக்குப் பசியைத் தூண்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்க ஊர்ல மாட்டாஸ்பத்திரிதான் இருக்கு. அங்கே பூனையைப் பார்ப்பாங்களா?

பார்ப்பார்கள், போங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை வேண்டியிருந்தால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இருக்கும் மருத்துவமனைகள் உண்டு. சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. பிளாஸ்டிக் கூடையின் மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தினால் நல்ல பெட்டி தயார். கடைசியாக முழுசாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாகச் சிறுநீர், மலம் கழித்த நேரம், வாந்தியின் போட்டோ, தடுப்பூசி அட்டை. கையில் இவ்வளவு இருந்தால் போதும்.

அப்பாடா, சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு. வயிறு நிறையக் கொடுத்துடலாமா?

பல நாள் பட்டினி என்றால் முதல் நாள் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, நாலைந்து தடவையாகப் பிரித்து. இரண்டு மூன்று நாளில் முழு அளவுக்குக் கொண்டுபோகலாம். முழு அளவு என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். ஒரு சின்ன பவுச்சில் பெரும்பாலும் 60 முதல் 80தான் இருக்கும். ஒரு பவுச்சை நக்கி முடித்ததும் நாம் போடுகிற சந்தோஷக் கூச்சலுக்கு இன்னும் இரண்டு பவுச் பாக்கி இருக்கிறது. மலம் இரண்டு நாள் தாமதமாக வந்தால் அதற்காக மறுபடி பதறாதீர்கள், உள்ளே ஒன்றும் போகாத நாளில் வெளியே என்ன வரும்.